நேசமணிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா பாஸ்?

2001-ல வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? டி.வி-யில மட்டும் ஒரு இருபது தடவை? அதுல நம்ம வடிவேலு காண்ட்ராக்டர் நேசமணியா வந்து, பங்களாவுக்கு பெயின்ட் அடிக்க ஆள் கூட்டிட்டுப் போவாரே... மேலேருந்து சுத்தியல் ஒண்ணு அவர் தலையில விழும். 2019 மே மாசம் அந்த சுத்தியலுக்காக உலகமே பிரார்த்தனை பண்ணி, ட்விட்டரே அதிர்ந்து போச்சு. ஆனா அந்தக் காமெடியில இன்னொரு மேட்டரும் இருக்கு. வேலைக்குப் போன இடத்துல, அந்த வீட்டுப் பழங்காலக் கடிகாரத்தைச் சுக்குநூறா உடைச்சிடுவாங்க. சுத்தியல் விழுந்தது நேசமணிக்கு நஷ்டம். கடிகாரம் உடைஞ்சது வீட்டுக்காரருக்கு நஷ்டம். அதை யார் கொடுக்கணும்?

சிரிக்காதீங்க. லேப்டாப்பும் கையுமா 'நான் ஃப்ரீலான்ஸர்'னு காலரைத் தூக்கி விட்டுக்கிற நீங்களும் ஒரு காண்ட்ராக்டர் நேசமணிதான். கடைசி வருஷம் படிச்சுக்கிட்டே சைடுல வெப்சைட் பண்ணிக் கொடுக்கறவங்க, ஆப் டெஸ்டிங் பண்றவங்க, ஆறு மாச கான்ட்ராக்ட்ல கம்பெனிக்குள்ள உட்கார்ந்து கோடு எழுதறவங்க, எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நீங்க கையில வச்சிருக்கறது பெயின்ட் பிரஷ் இல்லை, கீபோர்டு. அவ்வளவுதான் வித்தியாசம். கடிகாரம் எல்லா வீட்டுலயும் மாட்டித்தான் இருக்கு.

திருப்பூர் அண்ணாவும் 412 பார்சலும்

என் கூட காலேஜ்ல படிச்சவன் ஒருத்தன். பேர் வேண்டாம், ஊர் ஈரோடு. வேலையை விட்டுட்டு ஃப்ரீலான்ஸிங்ல இறங்கினான். 2022 தீபாவளி சீசன். திருப்பூர்ல பனியன், டி-ஷர்ட் தயாரிச்சு ஆன்லைன்ல விக்கிற ஒரு சின்ன யூனிட்டுக்கு வெப்சைட் வேலை. மொத்த ஃபீஸ் 60 ஆயிரம் ரூபாய். தீபாவளி ஆஃபருக்காக ஒரு தள்ளுபடி கோடு சேர்க்கச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு அப்டேட் பண்ணிட்டு நிம்மதியா தூங்கப் போயிட்டான். (வெள்ளிக்கிழமை ராத்திரி அப்டேட் பண்ணாதேன்னு எல்லா சீனியரும் சொல்வாங்க. எவன் கேக்கறான்?)

ஒரு தடவைதான் செல்லுபடியாகணும்னு நினைச்ச தள்ளுபடி, ஒரே ஆர்டர்ல மறுபடி மறுபடி ஏறிக்கிட்டே இருந்திருக்கு. எவனோ ஒரு புண்ணியவான் அதைக் கண்டுபிடிச்சு நாலு குரூப்ல போட்டுட்டான். யூனிட்ல சீசன் பரபரப்பு. ஞாயித்துக்கிழமையும் பேக்கிங் நடந்திருக்கு. திங்கக்கிழமை காலையில கணக்குப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிஞ்சது. அதுக்குள்ள 412 பார்சல் கிளம்பிடுச்சு. ஒரு பார்சலுக்கு ஏறக்குறைய 900 ரூபாய் நஷ்டம். கூட்டிப் பாருங்க... 3 லட்சத்து 70 ஆயிரம்!

ஓனர் கெட்ட மனுஷன் கிடையாது. போன்ல கத்தக்கூட இல்லை. "ஏனுங்க தம்பி, நீங்க பண்ணுன தப்புக்கு நான் எதுக்குங்க நஷ்டப்படோணும்? சீசன்ல வர்ற காசை வச்சுத்தானுங்க நூல்காரனுக்கே கொடுக்கோணும்"னு நிதானமாக் கேட்டிருக்கார். நியாயமான கேள்விதானே? நம்மாளு பயத்துல உடனே வாட்ஸ்அப்ல தட்டினான்: "அண்ணா, முழுக்க என் தப்புதாங்ணா. எவ்வளவு ஆனாலும் நானே குடுத்தர்றனுங்ணா."

இந்த ஒரு மெசேஜை ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியில திரும்ப வருவோம்.

கையெழுத்து போட்டது யாரு?

அப்புறம்தான் 'வேலைக்கு முன்னாடி நாம என்னமோ கையெழுத்து போட்டோமே'னு ஞாபகம் வந்து, ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்திருக்கான். 14 பக்கம் இங்கிலீஷ். அதுல ஒரு பத்தியில 'இண்டெம்னிஃபை'னு ஒரு வார்த்தை. அர்த்தம் ரொம்ப சிம்பிள்: என்னால உனக்கு என்ன நஷ்டம் வந்தாலும் நான் ஈடு கட்டறேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துலயே 124-ஆவது பிரிவு இதைப் பத்திப் பேசுது. 'பொறுப்புக்கு உச்சவரம்பு'னு ஒரு வரி இருந்தா கொஞ்சம் தப்பிச்சிருக்கலாம். அந்த 14 பக்கத்துல எங்கேயும் அது இல்லை.

சட்டம் ஒரேயடியா நமக்கு எதிரி கிடையாது. அதே சட்டத்தோட 73-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினதால இயல்பா வந்த நஷ்டத்துக்குத்தான் ஈடு கேக்கலாம், எங்கேயோ சுத்தி வளைச்சு வந்த நஷ்டத்துக்குக் கேக்க முடியாதுன்னு சொல்லுது. 'லேட்டானா ஒரு நாளைக்கு இவ்வளவு அபராதம்'னு எழுதி வாங்கியிருந்தாக்கூட, 74-ஆவது பிரிவுப்படி கோர்ட் நியாயமான தொகையைத்தான் கொடுக்கச் சொல்லும். எழுதின தொகை அதுக்கு உச்சவரம்பு மட்டும்தான். ஆனா இதையெல்லாம் கோர்ட்டுல போய்ச் சொல்லணும். சொல்றதுக்கு வக்கீல் வேணும். வக்கீலுக்கு ஃபீஸ் வேணும். 60 ஆயிரம் ரூபாய் வேலைக்கு!

இன்னொரு வில்லங்கமும் உண்டு. தனி ஆளா, சொந்தப் பேர்ல, சொந்த பான் கார்டுல பில் போடறீங்களா? அப்படின்னா தொழில் வேற, நீங்க வேறன்னு சட்டம் பார்க்காது. தொழில் கடனை உங்க பைக், உங்க பேங்க் பேலன்ஸ், உங்க பேர்ல இருக்கற அரை கிரவுண்டு வரைக்கும் தேடிட்டு வரலாம். ஒன் பெர்சன் கம்பெனி, எல்.எல்.பி எல்லாம் ஒரு சுவர் கட்டும். ஆனா பதிவு, ஆடிட்டர், வருஷா வருஷம் தாக்கல்னு செலவு இருக்கு. அதோட, உங்க சொந்தக் கவனக்குறைவுக்கு அந்தச் சுவரும் முழுசா மறைக்காது.

எல்.ஐ.சி மாமா சொன்னது

'இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்கா?'னு நண்பன் முதல்ல போய்க் கேட்டது, அவங்க குடும்பத்துக்கே பாலிசி போட்டுக் கொடுத்த எல்.ஐ.சி ஏஜென்ட் மாமாகிட்ட. அவர் கூலா, "அதெல்லாம் டாக்டருங்களுக்குத்தான் மாப்ளே. நீ ஒரு மணிபேக் போட்டுக்கோ"ன்னுட்டார். மாமா மேல கோவப்படாதீங்க. அவர் ஆயுள் காப்பீட்டு ஆளு. இது பொதுக் காப்பீடு, அதாவது ஜெனரல் இன்சூரன்ஸ். கடை வேற!

டாக்டர், ஆடிட்டர், ஆர்க்கிடெக்ட்டுக்குக் காலங்காலமா விக்கிற 'ப்ரொஃபஷனல் இண்டெம்னிட்டி' பாலிசிதான் ஐ.டி ஆட்களுக்கும் வருது. சில கம்பெனிகள்ல 'எர்ரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ்', சுருக்கமா 'இ அண்ட் ஓ'னு சொல்வாங்க. பண்ணக் கூடாததைப் பண்ணினது எர்ரர், பண்ண வேண்டியதை மறந்தது ஒமிஷன். பேரே கதை சொல்லுதுல்ல? சென்னையைத் தலைமையிடமா வச்சிருக்கற யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா மாதிரி அரசு கம்பெனிகள், ஐ.சி.ஐ.சி.ஐ லம்பார்டு, ஹெச்.டி.எஃப்.சி எர்கோ, டாடா ஏ.ஐ.ஜி மாதிரி தனியார் கம்பெனிகள்னு பல இடத்துல தொழில்முறைப் பொறுப்புக்கு பாலிசி இருக்கு. தனி ஆளுக்குக் கொடுப்பாங்களா, என்ன வேலைக்குக் கொடுப்பாங்கன்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கடையில இல்லைன்னா அடுத்த கடை. இந்த மாதிரி பாலிசிக்கு, ஒரே கம்பெனிக்காக வேலை பார்க்கற ஏஜென்ட்டை விட, பல கம்பெனி பாலிசிகளை ஒப்பிட்டுக் காட்டற லைசென்ஸ் உள்ள புரோக்கர்கிட்ட போறதுதான் என்னைக் கேட்டா புத்திசாலித்தனம்.

இந்த பாலிசி என்ன பண்ணும்? உங்க வேலையில நேர்ந்த கவனக்குறைவால கிளையன்ட்டுக்குப் பண நஷ்டம் வந்து, அவர் உங்ககிட்ட ஈடு கேட்டா, சட்டப்படி நீங்க கொடுக்க வேண்டியதை அது கொடுக்கும். வக்கீல் செலவையும் பார்த்துக்கும். இந்த ரெண்டாவதுதான் ரொம்ப முக்கியம். ஏன்னா, நீங்க தப்பே பண்ணாமலும் நோட்டீஸ் வரலாம். அதுக்கு பதில் போடக்கூட காசு செலவாகும்.

பிரீமியம் எவ்வளவுன்னுதானே அடுத்த கேள்வி? உங்க வருஷ வருமானம், என்ன மாதிரி வேலை (பேமென்ட் கேட்வேயும் கல்யாணப் பத்திரிகை வெப்சைட்டும் ஒண்ணா?), கிளையன்ட் எந்த நாட்டுல இருக்கார், எவ்வளவு தொகைக்குக் கவர், முன்னாடி ஏதாவது கிளெய்ம் வந்திருக்கா... இத்தனையையும் வச்சுத்தான் சொல்வாங்க. அதனால ஒரு கம்பெனி சொன்ன ரேட்டைக் கேட்டு மயங்கி விழாம, மூணு இடத்துல கொட்டேஷன் வாங்குங்க.

பாலிசியில ஒளிஞ்சிருக்கிற தேதி

இப்ப சொல்லப் போறதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமா படிங்க. இதுல கோட்டை விட்டவங்கதான் அதிகம்.

பைக் இன்சூரன்ஸ்ல, ஆக்சிடென்ட் நடந்த அன்னிக்கு பாலிசி உயிரோட இருந்தா போதும். ஆனா இந்த ப்ரொஃபஷனல் இண்டெம்னிட்டி பொதுவா 'கிளெய்ம்ஸ் மேடு' கணக்குல ஓடும். அதாவது, தப்பு நடந்த அன்னிக்கு இல்லை, கிளையன்ட் வந்து காசு கேக்கற அன்னிக்கு பாலிசி உயிரோட இருக்கணும். போதாக்குறைக்கு, 'ரெட்ரோஆக்டிவ் டேட்'னு ஒரு தேதியைப் போட்டு வச்சிருப்பாங்க. அந்தத் தேதிக்கு முன்னாடி எழுதின கோடுல வந்த தப்புக்குக் கவர் கிடையாது.

ஒரு உதாரணம். 2024 ஜூன் 1-ஆம் தேதி முதல் தடவையா பாலிசி எடுக்கறீங்க. ரெட்ரோஆக்டிவ் டேட்டும் அதேதான். பிப்ரவரியில முடிச்சுக் கொடுத்த வேலையில இருந்த ஓட்டை, செப்டம்பர்ல வெடிக்குது. பாலிசி கையில இருக்கு, ஆனா காசு வராது. சரி, ஜூலையில பண்ணின வேலை, 2026-ல வெடிக்குது. 2025-ல 'எதுவுமே நடக்கலையே, எதுக்கு தண்டமா பிரீமியம்?'னு ரின்யூ பண்ணாம விட்டுட்டீங்க. அப்பவும் காசு வராது! விடாம ரின்யூ பண்ணிட்டு வந்தா அந்தப் பழைய ஜூன் 1, 2024 தேதி உங்க கூடவே வரும். நடுவுல ஒரு கேப் விட்டா, தேதியும் புதுசா ஆரம்பிக்கும்.

ஒப்பந்தத்தை மீறினதா வழக்கு போட சட்டம் பொதுவா மூணு வருஷம் டைம் கொடுக்குது. 1963-ஆம் வருஷத்து காலவரையறைச் சட்டம் அது. அதனால ஃப்ரீலான்ஸிங் போதும்னு ஒரு கம்பெனியில பர்மனென்ட்டா சேர்ந்தாலும், பழைய வேலைகளோட பூதம் கொஞ்ச நாளைக்குப் பின்னாடியே வரும். பாலிசியை நிறுத்தறப்போ, கிளெய்ம் சொல்றதுக்கு மட்டும் கூடுதல் காலம் விலைக்குக் கிடைக்குமான்னு கேட்டுட்டு நிறுத்துங்க.

அடுத்து, எதுக்கெல்லாம் வராதுன்னு பார்க்கணும். வேணும்னே பண்ணின தப்பு, மோசடி, பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்ச பிரச்னை, நீங்க வாங்கின ஃபீஸைத் திருப்பிக் கொடுக்கறது, 'லேட்டானா இவ்வளவு'னு நீங்களா ஒத்துக்கிட்ட அபராதம், அரசாங்கம் போடற ஃபைன்... பெரும்பாலும் இதெல்லாம் வெளியேதான் நிக்கும். சட்டம் சுமத்தற பொறுப்பை விட அதிகமா, நீங்களா வீரமா ஒப்பந்தத்துல ஏத்துக்கிட்ட பொறுப்புக்கும் பொதுவா கைவிரிச்சிடுவாங்க. நம்ம நண்பன் கையெழுத்து போட்டானே, அந்த மாதிரி பத்திகள்தான் இங்க வில்லன்.

முதல்ல கொஞ்சம் தொகையை நீங்களே போடணும், அதுக்குப் பேர் டிடக்டிபிள். வக்கீல் செலவு கவர் தொகைக்குள்ளயே அடங்குமா, தனியாங்கறதையும் பார்த்துக்குங்க. 10 லட்சம் கவர்ல 4 லட்சம் வக்கீலுக்கே போயிட்டா, கிளையன்ட்டுக்குக் கொடுக்க மிச்சம் 6-தான்!

டெக்சாஸ் துரை

டாலர்ல சம்பளம் வாங்கறவங்க கொஞ்சம் பக்கத்துல வாங்க. பாலிசியில 'டெரிட்டரி', 'ஜூரிஸ்டிக்‌ஷன்'னு ரெண்டு வரி இருக்கும். 'இந்தியா மட்டும்'னு போட்டிருந்தா, டெக்சாஸ்ல உட்கார்ந்திருக்கிற உங்க கிளையன்ட் அங்கே வழக்கு போட்டா பாலிசி எட்டிக்கூடப் பார்க்காது. 'உலகம் முழுக்க, அமெரிக்கா - கனடா தவிர'னு ஒரு வகை உண்டு. அமெரிக்காவும் சேரணும்னா பிரீமியம் எகிறும். அங்கே வக்கீல் செலவு அப்படி. நிறைய பேர் வருமானத்துல முக்கால்வாசி அமெரிக்காவுல இருந்து வாங்கிக்கிட்டு, சீப்பா இருக்குன்னு 'அமெரிக்கா தவிர' பாலிசியை எடுத்து வச்சிருக்காங்க. குடையை வீட்டுல வச்சிட்டு மழையில நடக்கற கதைதான்.

பிரிட்டன்ல கான்ட்ராக்டர்னாலே ப்ரொஃபஷனல் இண்டெம்னிட்டி சர்டிஃபிகேட்டைக் கேக்கறது சகஜம். அங்கே ஆள் வச்சு வேலை வாங்கற முதலாளிக்கு, 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஊழியர் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். அதனால அந்த ஊர் கிளையன்ட் ஒப்பந்தத்துல 'இன்சூரன்ஸ் வச்சிருக்கணும்'னு ஒரு வரி வந்தா, சும்மா டெம்ப்ளேட்னு நினைச்சு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இல்லாமலே கையெழுத்து போட்டா, அன்னிக்கே நீங்க ஒப்பந்தத்தை மீறினதா ஆகிடும்.

இன்னொண்ணு. வேலை அதிகமானா ஜூனியர் பசங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கறீங்கல்ல? 'டேய், இந்த லாகின் பேஜை மட்டும் முடிச்சுக் குடுடா, ரெண்டாயிரம் தர்றேன்'னு. அவன் தப்பு பண்ணினாலும் கிளையன்ட்டுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். சப்-கான்ட்ராக்டர் பண்ற வேலையும் பாலிசியில சேருமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க. ஜூனியர் 18 வயசு ஆகாதவனா இருந்தா இன்னும் மோசம். அவன்கிட்ட போட்ட ஒப்பந்தமே சட்டப்படி செல்லாது.

நாம மட்டும்தான் சொதப்பறோமா?

ச்சேச்சே! 2017 ஜனவரி 31-ஆம் தேதி, கிட்லேப் கம்பெனியில ஒரு இன்ஜினீயர் ராத்திரி வேலையில, இந்த சர்வர்னு நினைச்சு அந்த சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சிட்டார். நிறுத்தறதுக்குள்ள சுமார் 300 ஜி.பி காலி. பேக்கப் எடுக்கலாம்னு போனா, அஞ்சு விதமா வச்சிருந்த ஏற்பாட்டுல ஒண்ணுகூட உருப்படியா வேலை செய்யலை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்து டேட்டா போச்சு. ஆனா அவங்க ஒளிக்கலை. மீட்கற வேலையை நேரலையில காட்டினாங்க. அது பெரிய கம்பெனி, தாங்கிச்சு.

2012 ஆகஸ்ட் 1-ல நைட் கேப்பிடல்னு ஒரு அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். எட்டு சர்வர்ல ஏழுல மட்டும் புது கோடு ஏறிச்சு, ஒண்ணை மறந்துட்டாங்க. சுமார் 45 நிமிஷத்துல 44 கோடி டாலர் நஷ்டம். 2024 ஜூலை 19-ல க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு அப்டேட்டால 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்து, நம்ம நாட்டு ஏர்போர்ட்டுலயே கையால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தாங்களே, பார்த்தீங்கதானே? அவ்வளவு டெஸ்டிங் டீம் இருக்கற இடத்துலயே இப்படி. டெவலப்பர், டெஸ்டர், மேனேஜர், ஆபீஸ் பாய் எல்லாமே நாமளே ஆன ஒன்மேன் ஆர்மி எம்மாத்திரம்?

வாடிக்கையாளர் தகவல்களைக் கையாளற வேலையா இருந்தா, சைபர் இன்சூரன்ஸ் பத்தியும் சேர்த்து விசாரிங்க. திருட்டுப் போன டேட்டாவை மீட்கற செலவு, பாதிக்கப்பட்டவங்களுக்குத் தெரிவிக்கற செலவு எல்லாம் அந்தப் பக்கம். 2023-ல நிறைவேறின தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் போட வழி வச்சிருக்கு. விதிகள் 2025 நவம்பர்ல வந்து, கட்டம் கட்டமா அமலாகற ஏற்பாடு. அபராதம் அந்த நிறுவனத்துக்குத்தான். ஆனா அவங்க பயந்துபோய் உங்க ஒப்பந்தத்துல என்ன பத்தியைச் சேர்க்கறாங்கன்னு பாருங்க.

லேப்டாப்பும் நீங்களும்

லேப்டாப்புக்கு 'எலெக்ட்ரானிக் எக்விப்மென்ட்' பாலிசி உண்டு. ஆனா வெளியே தூக்கிட்டுப் போறப்பவும் கவர் வேணும்னு தனியாக் கேட்டு வாங்கணும். பஸ் சீட்டுல பையை வச்சிட்டு டீ குடிக்க இறங்கினேன்னு சொன்னா, 'கவனிப்பார் இல்லாம விட்டது'ன்னு தள்ளிடுவாங்க. வீட்டுல ஒரு ரூமை ஆபீஸாக்கி நாலு கம்ப்யூட்டர் போட்டிருக்கீங்களா? 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் சென்னையில என்ன பண்ணிச்சுன்னு தெரியுமே. வீட்டு இன்சூரன்ஸ் தொழில் சாமானுக்குப் பொதுவா உதவாது. 5 கோடி வரைக்கும் சொத்துள்ள சின்னத் தொழில்களுக்குன்னே 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்‌ஷா'னு ஒரு பாலிசி 2021 ஏப்ரல்ல இருந்து இருக்கு. வெள்ளம், புயல் அதுல அடக்கம்.

அப்புறம் நேசமணி தலையில விழுந்த சுத்தியல்! கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க முதல்ல ஒண்ணைத் தெளிவு பண்ணிக்குங்க. நீங்க ஒரு வெண்டர் கம்பெனியோட சம்பளப் பட்டியல்ல இருக்கீங்களா, இல்லை நீங்களே பில் போடறீங்களா? சம்பளப் பட்டியல்னா பி.எஃப் உண்டான்னு பாருங்க, குரூப் மெடிக்ளெய்ம் உண்டான்னு கேளுங்க. பில் போடறவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. காய்ச்சல்ல படுத்தா அந்த நாளுக்கு சம்பளமும் கிடையாது, ஆஸ்பத்திரி பில்லும் நம்மளது. தனிநபர் ஹெல்த், டேர்ம் பாலிசிகளுக்கு 18 சதவிகிதமா இருந்த ஜி.எஸ்.டி-யை 2025 செப்டம்பர் 22-ல இருந்து எடுத்துட்டாங்க. சாக்குச் சொல்ல வழியில்லை. (தொழில் பாலிசிகளுக்கு இந்தச் சலுகை இல்லை பாஸ்.) பேங்க் அக்கவுன்ட்ல இருந்தே வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிச்சு 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு தர்ற பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனாவை இன்னும் எடுக்கலைன்னா, ரெண்டு டீயைத் தியாகம் பண்ணிட்டு எடுத்துடுங்க.

சாரி சொல்லாதே மச்சி!

இப்ப அந்த வாட்ஸ்அப் மெசேஜுக்கு வருவோம். ஒரு வேளை அன்னிக்கே நண்பன்கிட்ட பாலிசி இருந்திருந்தாக்கூட, அந்த மெசேஜால அவனே அதுக்கு வேட்டு வச்சிருப்பான். ஏன்னா, 'கம்பெனிக்குச் சொல்லாம தப்பை ஒத்துக்கக் கூடாது, பணம் தர்றதா வாக்குக் கொடுக்கக் கூடாது, தானா சமரசம் பேசக் கூடாது'ங்கறது இந்த மாதிரி பாலிசிகள்ல எழுதியிருக்கற நிபந்தனை. நம்ம வளர்ப்பு அப்படி. பெரியவங்க கோவப்பட்டா முதல்ல சாரிதான் வரும். பிரச்னை வந்தா கிளையன்ட்கிட்ட "அண்ணா, நடந்ததைப் பார்த்துட்டு இருக்கேன். முதல்ல சைட்டைச் சரி பண்ணிடறேன், அப்புறம் பேசலாம்"னு சொல்லுங்க. சரி பண்ணுங்க. அதே கையோட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல தெரிவிங்க. நோட்டீஸ் வரட்டும்னு காத்திருக்காதீங்க, பிரச்னை வரும்போல இருக்கேன்னு தெரிஞ்ச உடனேயே சொல்லணும். மெயில், வாட்ஸ்அப், கோடு மாத்தின வரலாறு எதையும் டெலிட் பண்ணாதீங்க.

பாலிசி எடுக்கறப்போ புரபோசல் ஃபார்ம்ல பழைய தகராறு ஏதாவது இருந்தா மறைக்காம எழுதுங்க. மறைச்சது பின்னாடி தெரிஞ்சா மொத்தமும் போச்சு. ஃபார்ம் கொடுத்துட்டா மட்டும் கவர் ஆரம்பிக்காது. 1938-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தோட 64 வி.பி பிரிவுப்படி, பிரீமியம் கையில வந்தாத்தான் கம்பெனிக்குப் பொறுப்பு.

எல்லாம் சரியாச் செஞ்சும் கம்பெனி இழுத்தடிச்சா? முதல்ல கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதுங்க. ஐ.ஆர்.டி.ஏ.ஐ நடத்தற 'பீமா பரோசா' தளத்துலயும் புகார் பதியலாம். ஒரு மாசத்துல பதில் இல்லைன்னா, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். நம்ம சென்னையிலயே ஒரு ஆபீஸ் இருக்கு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 2017-ஆம் வருஷத்து விதிகள்ல தனிநபர் மட்டுமில்லாம, ஒத்தை ஆள் நடத்தற தொழிலுக்கும் குறு நிறுவனத்துக்கும் வழி வச்சிருக்காங்க. 2023-ல இருந்து 50 லட்சம் ரூபாய் வரைக்கும் அவர் தீர்ப்பு சொல்லலாம்.

நண்பன் கதை என்னாச்சு? பஞ்சாயத்து பேசி, 2 லட்சத்து 25 ஆயிரத்துல முடிச்சாங்க. பைக்கை வித்தான். அம்மா கழுத்துச் செயின் அடகுக்குப் போச்சு. இப்ப அவன் அனுப்பற ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும், 'என் மொத்தப் பொறுப்பு இந்த வேலைக்கு வாங்கின ஃபீஸுக்கு மேல போகாது'னு ஒரு வரி இருக்கும். பத்துல ஏழு பேர் அதைப் பத்திக் கேக்கறதே இல்லையாம். கேக்கற மூணு பேர்கிட்ட பேரம் பேசி, ஃபீஸைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும்னு முடிக்கறான். அதுக்கு மேல வந்தா பார்த்துக்க பாலிசி இருக்கு, ரெண்டு தடவை ரின்யூ பண்ணியாச்சு.

செயின் போன மாசம்தான் வீட்டுக்குத் திரும்பிச்சு. பைக் இன்னும் வாங்கலை. பஸ்லதான் வர்றான், மடியில லேப்டாப் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு.